கார்டு ப்ளட் (தொப்புள்கொடி ரத்தம்) ட்ரான்ஸ்பிளான்ட் முடிஞ்சு 9 மாசத்துல ரிலாப்ஸ் (நோய் திரும்பிடுச்சு): மறுபடி செல் கேக்க டோனரே இல்லையாம், இந்த வழியா வந்தவங்க இருக்கீங்களா?

டோக்கியோமல்லி | திங்கள் இரவு

எல்லாருக்கும் வணக்கம். மூணு நாளா டைப் பண்றதும் அழிக்கிறதுமா இருக்கேன், இன்னிக்கு எப்படியாவது போட்டுடணும்னு உக்காந்துட்டேன். பெருசா இருக்கும், பொறுத்துக்கோங்க.

வீட்டுக்காரருக்கு 38 வயசு. நாங்க இங்க ஜப்பான்ல ஏழு வருஷமா இருக்கோம். ஏஎம்எல்ன்ற லுகேமியா (ரத்தப் புற்றுநோய்)னு கண்டுபிடிச்சாங்க, எஃப்எல்டி3ன்ற ஜீன்ல மியூட்டேஷன் இருக்கு, கீமோ மட்டும் போதாது ட்ரான்ஸ்பிளான்ட் பண்ணியே ஆகணும்னாங்க. கூடப்பொறந்தது ஒரே தம்பி, திருச்சியில இருக்காரு, பாதி மேட்ச்தான். இங்க உள்ள மேரோ (எலும்பு மஜ்ஜை) பேங்க்ல நம்ம ஆளுங்களுக்கு மேட்ச் கிடைக்கிறது எவ்ளோ கஷ்டம்னு சொல்லவே வேணாம். தம்பியை வரவழைக்க விசா, டெஸ்ட்னு வாரக்கணக்கா ஆகும், கார்டு ப்ளட்னா ஃப்ரீஸர்ல ரெடியா இருக்கு, மேட்ச் பாக்குற ஆறு அடையாளத்துல நாலு பொருந்துனாலே போதும்னு டாக்டர் சொன்னாரு, நாங்களும் சரின்னோம்.

அந்தப் பையைப் பாத்தப்ப எனக்கு நம்பிக்கையே வரல. மொத்தமே 25 மில்லிதான் இருந்துச்சு, ஒரு டபரா காபி கூட இல்ல. பத்து நிமிஷத்துல ஏத்தி முடிச்சுட்டாங்க. உறைய வைக்கிறப்ப சேக்குற மருந்தோட வாசனைன்னாங்க, ரூம் பூரா வேகவச்ச சோளமும் பூண்டும் கலந்தாப்ல ரெண்டு நாள் அடிச்சுது. குடுத்தது ஒரு பெண் குழந்தை, ப்ளட் க்ரூப் ஓ பாசிட்டிவ், அவ்ளோதான் எங்களுக்குத் தெரியும், வேற எதுவும் சொல்ல மாட்டாங்க.

9-ஆம் நாள் 40 டிகிரி காய்ச்சல், உடம்பு பூரா சிவப்பு தடிப்பு, ரெண்டு நாள்ல நாலு கிலோ நீர் ஏறிடுச்சு. இன்ஃபெக்‌ஷன்னு பதறிட்டேன். புது செல் பிடிக்கிறதுக்கு முன்னாடி வர்ற ப்ரீ என்கிராஃப்ட்மென்ட் சிண்ட்ரோம்னு சொல்லி ஸ்டீராய்டு போட்டாங்க, ரெண்டே நாள்ல இறங்கிடுச்சு. 24-ஆம் நாள் நியூட்ரோஃபில்ன்ற வெள்ளணு 500 தாண்டுச்சு, புது செல் பிடிச்சுடுச்சுன்னு நர்ஸுங்க எல்லாம் வந்து கை தட்டுனாங்க. அதுக்கு நாலாவது நாள் "அம்மா போன் பண்ணாங்களா"ன்னு கேட்டாரு, பண்ணாங்கன்னேன், ரெண்டு நிமிஷம் கழிச்சு திரும்பவும் அதே கேள்வி, அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள இருபது தடவை கேட்டிருப்பாரு. ஹெச்ஹெச்வி-6 வைரஸ் மூளைக்குப் போயிடுச்சுன்னு சொல்லி ஃபாஸ்கார்னெட்ன்ற வைரஸ் மருந்து மூணு வாரம் போட்டாங்க. ஞாபகம் பெரும்பாலும் திரும்பி வந்துடுச்சு, ஆனா அந்த ஒரு மாசம் அவருக்கு சுத்தமா இல்ல.

அப்புறம் ஸ்கின் ஜிவிஹெச்டி (டோனர் செல் அவர் உடம்பையே தாக்குறது), சிஎம்வி வைரஸ், எல்லாம் பாத்தாச்சு. ஆறு மாசத்துல வீட்டுக்கு வந்து ரசம் சாதம் சாப்ட்டாரு, இனி தப்பிச்சோம்னு நெனச்சேன்.

டோனர் பெண் குழந்தைங்கிறதால அவர் ரத்தத்துல எக்ஸ்எக்ஸ் (பெண்) செல் எவ்ளோ எக்ஸ்ஒய் (ஆண்) செல் எவ்ளோன்னு எண்ணுவாங்க. 100க்கு 100 எக்ஸ்எக்ஸ்னு வந்துட்டிருந்தது. போன மாசம் 8 சதவீதம் எக்ஸ்ஒய். லுகேமியா மிச்சம் இருக்கான்னு மாசாமாசம் பாக்குற டபிள்யூடி1 டெஸ்ட் எப்பவும் 50க்குக் கீழதான் இருக்கும், அது 340 ஆகி இப்ப 2100. அவரோட சொந்த செல் திரும்பி வந்துருக்குன்றதே நோய் திரும்பி வந்துருக்குன்னு அர்த்தமாம். அதைக் கேட்டுட்டு ஸ்டேஷன் படிக்கட்டுல உக்காந்து அழுதேன்.

டாக்டர் எதிர்ப்பு சக்தியை அடக்குற டேக்ரோலிமஸை நிறுத்திட்டு எஃப்எல்டி3க்கான கில்டெரிடினிப் மாத்திரை ஆரம்பிச்சுட்டாரு. வேற ஒருத்தர்கிட்ட இருந்து ட்ரான்ஸ்பிளான்ட் பண்ணிருந்தா அந்த டோனர்கிட்டயே திரும்பப் போய் லிம்ஃபோசைட் (நோயோட சண்டை போடுற வெள்ளணு) வாங்கி ஏத்தலாம், கார்டு ப்ளட்ல அந்த வழி கிடையாதுன்னு சொன்னாரு. இதை ஏன் எங்ககிட்ட மொதல்லயே யாரும் சொல்லலன்னுதான் மனசு அடிச்சுக்குது. சொல்லிருந்தா வேற முடிவு எடுத்திருப்போமான்னும் தெரியல. இதே நிலைமையைப் பாத்தவங்க இருந்தா சொல்லுங்க.

---

வைகைக்கரை | திங்கள் இரவு

படிச்சதும் நெஞ்சு அடைச்சுப் போச்சு சகோதரி. தைரியமா இருங்க. எங்க பெரியப்பாவுக்கு டெங்குல ப்ளேட்லெட் இறங்குனப்ப நிலவேம்பும் சீந்தில்கொடி கசாயமும் குடுத்தோம், நல்லா ஏறுச்சு. எதிர்ப்பு சக்தி கூடும். முயற்சி பண்ணிப் பாருங்க.

---

வார்டு12அக்கா | செவ்வாய் காலை

மல்லி, நான் சிங்கப்பூர்ல ட்ரான்ஸ்பிளான்ட் வார்டுல 14 வருஷமா ஸ்டாஃப் நர்ஸ். உங்களுக்கு நிதானமா எழுதறேன், அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன்.

வைகைக்கரை தம்பி, நல்ல மனசோட சொன்னீங்க, தப்பா எடுத்துக்காதீங்க. இவருக்கு எதிர்ப்பு சக்தி கம்மிங்கிறது பாதிக் கதைதான். உள்ள இருக்கிறது இன்னொரு குழந்தையோட எதிர்ப்பு சக்தி, அதைக் கண்டபடி தூண்டி விட்டா குடலையும் ஈரலையும் தாக்கும். சீந்தில் சாப்பிட்டு நல்லா இருந்தவங்களுக்கே ஈரல் வீங்கி வந்ததை நம்ம ஊர் டாக்டருங்க ரிப்போர்ட் பண்ணிருக்காங்க. இவரு சாப்பிடுற கில்டெரிடினிப்பும் ஈரல் என்சைமை ஏத்தக்கூடிய மருந்துதான். டேக்ரோலிமஸ் எடுக்குறவங்க பம்பளிமாஸ், கிரேப்ஃப்ரூட் கூட தொடக்கூடாது, மருந்து அளவு ரத்தத்துல எகிறிடும். எங்க வார்டுல வெளியில இருந்து எந்தக் கசாயமும் உள்ள வராது.

மல்லி, நீங்க சொன்ன எல்லாமே கார்டு ப்ளட்ல நாங்க அடிக்கடி பாக்குறதுதான், உங்க கவனிப்புல குறை எதுவும் இல்ல. அந்தக் குழந்தையோட டி செல் (எதிர்ப்பு சக்தி செல்) ஒரு கிருமியையும் அதுவரைக்கும் பாத்ததே இல்ல. பெரியவங்க மேரோல "இந்த வைரஸை முன்னாடியே பாத்திருக்கோம்"னு ஞாபகம் வச்சிருக்குற செல் நிறைய கூடவே வரும், கார்டு ப்ளட்ல அது கிடையாது, எல்லாத்தையும் புதுசாக் கத்துக்கணும். அதனாலதான் ஹெச்ஹெச்வி-6, சிஎம்வி, அடினோன்னு வைரஸ் எல்லாம் வரிசை கட்டி வருது. ஆறுல நாலு மேட்ச் போதும்னு சொல்ல முடியறதும் அதே காரணத்தாலதான், ஒண்ணும் தெரியாத செல்லுங்கிறதால அவ்வளவா சண்டை போடாது, நாள்பட்ட ஜிவிஹெச்டி கம்மி.

ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டதை நீங்க கவனிச்சு சொன்னீங்க பாருங்க, அதுதான் அவரைக் காப்பாத்துச்சு. எங்க வார்டுல தினம் காலைல மூணு பொருள் பேர் சொல்லி அஞ்சு நிமிஷம் கழிச்சுத் திரும்பக் கேப்போம். சாவி, வாழைப்பழம், குடை. இதைப் படிக்கிற மத்தவங்களும் முதல் ரெண்டு மாசம் இதைப் பண்ணிப் பாருங்க, ஒண்ணு தப்புனாலே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

---

நியூஜெர்சிஅப்பா | செவ்வாய் மாலை

அம்மா மல்லி, என் பொண்ணு கதையைச் சொல்றேன். அவளுக்கு ஏஎல்எல்ன்ற வேற வகை லுகேமியா, உங்க வீட்டுக்காரருக்கு ஏஎம்எல், அதனால அப்படியே பொருந்தாது, தெரிஞ்சுக்கோங்க.

அவளுக்கு ஆறு வயசுல கார்டு ப்ளட் வச்சாங்க. ரெண்டு யூனிட் வச்சா நல்லதில்லையான்னு கேட்டேன், குழந்தைங்களுக்கு ஒண்ணு போதும், ரெண்டு வச்சதால உயிர் பிழைக்கிற விகிதம் கூடலன்னு 2014ல வந்த ஆய்வைக் காட்டுனாங்க, ரெண்டு வச்சாலும் கடைசில ஒண்ணுதான் ஜெயிச்சு நிக்குமாம். எல்லாம் நல்லாப் போய்ட்டிருந்தது, அஞ்சாவது மாசம் ஒரு காலைல பொண்ணு சோந்து படுத்துட்டா, யூரின் டீ டிக்காஷன் கலர்ல போச்சு. ஹீமோகுளோபின் 5. புதுசா வளர்ந்த இம்யூன் சிஸ்டம் தன்னோட சொந்த சிவப்பணுவையே உடைக்குதுன்னாங்க, அதைக் காட்டுற கூம்ப்ஸ் டெஸ்ட் பாசிட்டிவ். ஸ்டீராய்டு கேக்கல, ரிடுக்ஸிமாப் நாலு வாரம் போட்டப்புறம்தான் நின்னுச்சு. ஜிவிஹெச்டி பத்தி எல்லாரும் சொல்லிருந்தாங்க, இப்படி ஒண்ணு வரும்னு யாரும் சொல்லல. கார்டு ப்ளட் வச்ச குழந்தைங்கள்ல இது கொஞ்சம் அதிகமாவே வருமாம்.

பதினாலாவது மாசம் ரிலாப்ஸ். நீங்க கேட்ட அதே வார்த்தை, குடுத்த டோனர்கிட்ட திரும்பப் போக முடியாதுன்னு. ப்ளினாடுமொமாப் மருந்து போட்டு நோயைக் குறைச்சுட்டு கார்-டி (டி செல்லை மாத்தி புற்றுநோயைத் தாக்க விடறது) பண்ணாங்க. கார்-டிக்கு செல் எங்கிருந்து எடுப்பீங்கன்னு கேட்டேன். உங்க பொண்ணுகிட்ட இருந்துதான்னாங்க. அவ உடம்புல ஓடுற டி செல் எல்லாம் அந்தக் கார்டு ப்ளட்ல இருந்து வளர்ந்ததுதானே, அதை எடுத்து லேப்ல மாத்தி திரும்ப ஏத்துனாங்க. குடுத்த பாப்பாவைத் திரும்பப் போய்க் கேக்க முடியாதுன்னாலும் அந்தப் பாப்பா குடுத்தது என் பொண்ணுக்குள்ளயே வளர்ந்து இருந்துச்சு. நாலு வருஷம் ஆச்சும்மா. ஆன்டிபாடி தயாரிக்கிற பி செல்லும் கார்-டியால போயிட்டதால இன்னும் இம்யூனோகுளோபுலின் (ஆன்டிபாடி) ஏத்திட்டிருக்கோம். ஸ்கூலுக்குப் போறா.

---

டோக்கியோமல்லி | செவ்வாய் இரவு

அண்ணா, உங்க பொண்ணு ஸ்கூல் போறான்னு படிச்சதும் அவர்கிட்ட சத்தமாப் படிச்சுக் காட்டுனேன். ஏஎம்எல்லுக்கு கார்-டி கிடையாதான்னு யாராவது சொல்லுங்களேன். இந்தியாவுலயே இப்ப குறைஞ்ச விலைல வந்துருக்குன்னு கேள்விப்பட்டேன்.

---

ரத்தவியல்_வேலூர்ப்பக்கம் | புதன் இரவு

ரத்தவியல் டாக்டர் நான், டூட்டி முடிஞ்சு வந்து எழுதறேன். ரிப்போர்ட் பாக்காம சிகிச்சை சொல்ல முடியாது, விஷயத்தை மட்டும் விளக்கறேன்.

இந்தியாவுல 2023 அக்டோபர்ல அனுமதி கிடைச்சது நெக்ஸ்கார்19ன்ற கார்-டி, ஐஐடி பாம்பேல உருவாகி டாடா மெமோரியல்ல சோதிச்சது. நம்ம நாட்டுலயே இப்படி ஒண்ணு வந்தது எவ்ளோ பெரிய விஷயம்னு எனக்கு இன்னும் சந்தோஷம் அடங்கல. ஆனா அது பி செல் மேல இருக்குற சிடி19ன்ற அடையாளத்தைத் தேடிப் போற மருந்து. ஏஎம்எல் செல்லுல அந்த அடையாளம் பொதுவா இருக்காது, இருக்குற அடையாளங்கள் நல்ல மேரோ செல்லுலயும் இருக்கு, அதைக் குறிவச்சா மேரோவே காலியாயிடும். பி செல் போனா இம்யூனோகுளோபுலின் ஏத்தி ஓட்டலாம், மேரோ போனா ஓட்ட முடியாது. அதனால ஏஎம்எல்லுக்கு இன்னும் ஆராய்ச்சி அளவுலதான் இருக்கு.

இப்ப உங்க டாக்டர் பண்ணிட்டிருக்குறது சரியான வரிசைதான். டேக்ரோலிமஸை நிறுத்துறது எதுக்குன்னா கட்டிப்போட்டு வச்சிருக்குற குழந்தையோட டி செல்லை அவுத்து விடறதுக்கு. டோனர் செல் நோயாளியோட லுகேமியா செல்லை அந்நியம்னு பாத்து அழிக்கும், ட்ரான்ஸ்பிளான்ட்டோட உண்மையான வைத்தியமே அதுதான். அதே செல் தோலையும் குடலையும் அந்நியம்னு பாத்தா அது ஜிவிஹெச்டி. ரெண்டும் ஒரே கையோட வேலை. ஒண்ணை அடக்குனா இன்னொண்ணும் அடங்கும். அடுத்த சில வாரத்துல அவர் உள்ளங்கை, காது ஓரம், கழுத்து சிவக்கலாம். பாத்ததும் போன் பண்ணுங்க, ஆனா அதைக் கெட்ட செய்தின்னு மட்டும் எடுத்துக்காதீங்க. வயித்துப்போக்கு ஆரம்பிச்சா மட்டும் ராத்திரின்னு பாக்காம ஓடணும்.

கில்டெரிடினிப் ஜப்பான் கம்பெனியோட கண்டுபிடிப்பு, 2018ல உலகத்துலயே மொதல்ல அங்கதான் அனுமதி ஆச்சு. எஃப்எல்டி3 இருந்தா நோயைக் கீழ கொண்டுவர இது நல்ல ஆயுதம், ஆனா தனியா நிரந்தரமாத் தாங்குறது கஷ்டம். நேரம் வாங்கிக் குடுக்கும். அந்த நேரத்துல ரெண்டாவது ட்ரான்ஸ்பிளான்ட்டுக்குத் தயாராகணும். பாதி மேட்ச் தம்பி இருக்காருன்னு சொன்னீங்களே, அவரை இப்பவே கூப்பிட்டுப் பேசுங்க. முதல் முறைக்கும் ரிலாப்ஸுக்கும் நடுவுல ஆறு மாசத்துக்கு மேல போயிருக்கிறது உங்களுக்குச் சாதகம். ரெண்டாவது முறை உடம்புக்கு ரொம்ப பாரம், எல்லாரும் தாண்டி வர்றதில்ல, இதையும் மறைக்க விரும்பல.

மொதல்லயே ஏன் சொல்லலன்னு கேட்டீங்க. சொல்லிருக்கணும். எந்த டோனர்னு முடிவெடுக்குற அன்னிக்கே "நோய் திரும்புனா இந்த டோனர்கிட்ட மறுபடி போக முடியுமா"ன்ற பேச்சு வந்திருக்கணும். எங்க பக்கமும் அந்தப் பேச்சைத் தள்ளிப்போடறோம், ட்ரான்ஸ்பிளான்ட்டுக்கு முன்னாடி ரிலாப்ஸ் பத்திப் பேசறது அபசகுனம்னு குடும்பமும் நெனைக்குது நாங்களும் நெனைக்கிறோம். ஆனா உங்க முடிவு தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ட்ரான்ஸ்பிளான்ட்டுக்கு முன்னாடி கொஞ்சம் நோய் மிச்சம் இருந்தவங்கள்ல கார்டு ப்ளட் வாங்குனவங்களுக்கு ரிலாப்ஸ் குறைவுன்னு சியாட்டில்ல இருந்து 2016ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு. அப்புறம் அமெரிக்கால ரெண்டு யூனிட் கார்டு ப்ளட்டையும் பாதி மேட்ச் சொந்தக்காரங்களையும் நேருக்கு நேர் வச்சுப் பாத்து 2021ல வெளியிட்டாங்க, அதுல மொத்தத்துல பாதி மேட்ச் பக்கம் உயிரோட இருந்தவங்க ஜாஸ்தி, முக்கியமா கார்டு ப்ளட் பக்கம் ரிலாப்ஸ் இல்லாமயே இறந்தவங்க அதிகம். ஜப்பான்ல வருஷத்துக்கு ஆயிரம் பேருக்கு மேல கார்டு ப்ளட்தான் வைக்கிறாங்க, அங்க உள்ளவங்களுக்குக் கை பழக்கம் உண்டு. உங்க டாக்டர் கைல இருந்ததுல நல்லதைத்தான் எடுத்தாரு.

---

கோவைபுதுஅம்மா | வியாழன் காலை

இடையில வர்றதுக்கு மன்னிச்சுக்கோங்க. நான் ஏழு மாசம் கர்ப்பம். பிரைவேட் கார்டு ப்ளட் பேங்க்ல இருந்து தினம் போன், குழந்தைக்குப் பின்னாடி லுகேமியா வந்தா அதோட சொந்த ரத்தமே காப்பாத்தும்னு சொல்றாங்க, ஈஎம்ஐ போடலாமாம். இதைப் படிச்சதும் பயமா இருக்கு. சேர்த்து வைக்கணுமா டாக்டர்?

---

ரத்தவியல்_வேலூர்ப்பக்கம் | வியாழன் இரவு

வேணாம்மா. லுகேமியாவுக்கு சொந்தக் கார்டு ப்ளட்டைப் பயன்படுத்த மாட்டோம். குழந்தைங்களுக்கு வர்ற லுகேமியாவுல பல நேரம் முதல் கோளாறு பொறக்குறப்பவே ரத்தத்துல இருக்கும், அதையே சேத்து வச்சு அதையே திரும்ப ஏத்துன மாதிரி ஆயிடும். அதுவும் இல்லாம சொந்த செல் லுகேமியாவை அந்நியம்னு பாக்காது, நான் மேல சொன்ன அந்த வைத்தியமே நடக்காது. சொந்த உபயோகத்துக்காக சேமிக்கிறதுக்கு அறிவியல் ஆதாரம் இல்லன்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்லயே எழுதிருக்காங்க. உங்க மூத்த குழந்தைக்கு ஏற்கனவே ட்ரான்ஸ்பிளான்ட் தேவைப்படுற நோய் இருந்தா மட்டும் கதை வேற. 1988ல பாரீஸ்ல டாக்டர் எலியான் க்ளூக்மன் உலகத்துல முதல் கார்டு ப்ளட் ட்ரான்ஸ்பிளான்ட் பண்ணாங்களே, அதுவே ஃபான்கோனி அனீமியான்ற பரம்பரை ரத்த நோய் இருந்த ஒரு பையனுக்கு அவன் தங்கச்சி பொறந்தப்ப எடுத்த ரத்தம்தான்.

உங்க வீட்டுக்காரரையும் தம்பி தங்கச்சியையும் தாத்ரி மாதிரி டோனர் ரெஜிஸ்ட்ரில பதிவு பண்ணச் சொல்லுங்க. கன்னத்துக்குள்ள பஞ்சு வச்சு தேய்க்கிறதோட முடிஞ்சுது. நம்ம ஆளுங்க பேர் அதுல கூடுனாத்தான் மல்லி வீட்டுக்காரர் மாதிரி ஆளுங்களுக்கு முழு மேட்ச் கிடைக்கும்.

---

வைகைக்கரை | வியாழன் இரவு

நர்ஸக்கா, டாக்டர், தெரியாம சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோங்க. நானும் என் தம்பியும் பதிவு பண்ண ஃபார்ம் கேட்டிருக்கோம்.

---

டோக்கியோமல்லி | மூணு வாரம் கழிச்சு, ஞாயிறு

எல்லாருக்கும் நன்றி, தனித்தனியா பதில் போட நேரம் இல்ல, மன்னிச்சுக்கோங்க.

போன செவ்வாய் காலைல தோசைத் தட்டு நீட்டுனப்ப பாத்தேன், உள்ளங்கை ரெண்டும் மருதாணி வச்சாப்ல சிவந்திருந்தது. டாக்டர் சொன்னது ஞாபகம் வந்துச்சு, பயமும் வந்துச்சு கூடவே என்னமோ நிம்மதியும் வந்துச்சு. ஆஸ்பத்திரில காட்டுனோம், தோலோட நிக்குது, க்ரீம் மட்டும் போதும், ஸ்டீராய்டு மாத்திரை குடுத்து அடக்க வேணாம்னு சொல்லிட்டாங்க. டபிள்யூடி1 2100ல இருந்து 190. எக்ஸ்ஒய் 8ல இருந்து 1.

தம்பி விசா வந்துடுச்சு. அவருக்கு எதிரா இவர் ரத்தத்துல ஆன்டிபாடி இருக்கான்னு பாத்தாங்க, இல்ல. அடுத்த மாசம் 4ஆம் தேதி வர்றாரு. ரெண்டு விஷயம் கேக்கணும். வீட்டுக்காரர் மொதல்ல பி பாசிட்டிவ், இப்ப அந்தப் பாப்பாவால ஓ பாசிட்டிவ், தம்பி பி பாசிட்டிவ். பர்ஸ்ல எந்த க்ரூப்னு எழுதி வைக்கிறது? இன்னொண்ணு, தம்பி ரொம்ப பயந்துருக்காரு, முதுகுல ஊசி குத்துவாங்களான்னு தினம் கேக்குறாரு.

---

வார்டு12அக்கா | ஞாயிறு இரவு

190ன்னு படிச்சதும் டூட்டி ரூம்ல எல்லார்கிட்டயும் சொன்னேன்மா.

பர்ஸ்ல க்ரூப் எழுதாதீங்க. "ட்ரான்ஸ்பிளான்ட் ஆன நோயாளி, கதிர்வீச்சு செஞ்ச ரத்தம் மட்டும்தான் ஏத்தணும், இந்த ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணவும்"னு ஜப்பானியத்துல எழுதி வைங்க, உங்க வார்டுல கேட்டா கார்டே குடுப்பாங்க. க்ரூப் மாறிட்டிருக்குற சமயத்துல எந்த ரத்தம் ஏத்துறதுன்னு ரத்த வங்கிதான் ஒவ்வொரு தடவையும் முடிவு பண்ணணும்.

தம்பிகிட்ட சொல்லுங்க, நிறைய பேருக்கு இப்ப கை நரம்புல இருந்துதான் எடுக்குறாங்க, முதுகுத்தண்டுல யாரும் குத்தறதில்ல. மேரோவே வேணும்னு டாக்டர் சொன்னாலும் இடுப்பு எலும்புல, மயக்கம் குடுத்துட்டுத்தான். நரம்பு வழின்னா முன்னாடி நாலு அஞ்சு நாள் மேரோ செல்லை ரத்தத்துக்கு வர வைக்கிற ஜிசிஎஸ்எஃப் ஊசி தினம் ஒண்ணு, மூணாவது நாள் இடுப்பும் நெஞ்செலும்பும் ஃப்ளூ காய்ச்சல் மாதிரி வலிக்கும், பாராசிட்டமால் போட்டா தாங்கிடும். செல் எடுக்குற அன்னிக்கு மிஷின் பக்கத்துல நாலஞ்சு மணி நேரம் படுக்கணும், கையை மடக்க முடியாது, உதடு மரத்தாப்ல இருந்தா உடனே நர்ஸ்கிட்ட சொல்லச் சொல்லுங்க, கால்சியம் குடுப்பாங்க. லூஸான அரைக்கை சட்டை போட்டுட்டு வரச் சொல்லுங்க. கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு பல் டாக்டரையும் பாத்துட்டு வரட்டும், எக்ஸ்ட்ரா ஸ்வெட்டர் ஒண்ணும் எடுத்துக்கட்டும், அந்த ரூம் குளிரும்.